நீர்வண்ணத்தில் ஒரு துறைமுகம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

ஓவியம் தீட்டுதல் என்று இன்று நாம் சொல்வதை 'ஓவியம் எழுதுதல்' என்றே நம் முன்னோர் சொன்னார்கள். எழுத்தைப் போலவே ஓவியத்துக்கும் இலக்கணம் உண்டு, அதைப் படித்துப் பொருள் கொள்ளவும் முடியும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அந்த இலக்கணத்தின் ஒரு சிறு பகுதியை, படகுகள் நிற்கும் துறைமுகக் காட்சி ஒன்றை நீர்வண்ணத்தில் எழுதுவது எப்படி என்னும் பொருளில், இக்கட்டுரையில் காண்போம்.

"இயற்பியல் மாணவனுக்குத் தூரிகை எதற்கு?" என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நீர்வண்ண ஓவியத்தில் நடப்பவை யாவை? தாளின் இழைகளுக்கிடையே நீர் பரவுவது நுண்புழை ஏற்றம். வண்ணம் உலர்வது ஆவியாதல். படகின் நிழல் நீரில் தோன்றுவது எதிரொளிப்பு. வகுப்பில் தனித்தனிப் பாடங்களாக நாம் படிப்பவையெல்லாம் ஓரடித் தாளில் ஒன்றாக நடக்கின்றன. ஆதலின் இது இயற்பியலுக்கு வெளியே உள்ள பொருள் அன்று.

எனக்கு வேறொரு காரணமும் உண்டு. என் தந்தையார் கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். படகைப் பற்றி எனக்குத் தெரிந்தவை அவரிடம் கற்றவை. ஒளியைப் பற்றித் தெரிந்தவை இக்கல்லூரியில் கற்றவை. இவ்விரண்டு அறிவும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நிற்கவேண்டியதில்லை. ஒரே தாளில் அவை சந்திக்க முடியும் என்பதே நான் சொல்ல விரும்பும் செய்தி.

துறைமுகத்தை எழுதிய ஓவியர்கள்

நீர்வண்ணத்தில் துறைமுகங்களை எழுதிப் புகழ் பெற்றவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் இங்கிலாந்தின் டர்னர் (1775–1851). அவர் 1820-களில் தம் நாட்டுத் துறைமுகங்களை நீர்வண்ணத்தில் எழுதினார். அவற்றைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படங்கள் பின்னர் 1856-இல் ரஸ்கினின் உரையோடு நூலாக வெளிவந்தன. டர்னர் பெரும்பாலும் நேரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு அறையில் அமர்ந்து வண்ணம் தீட்டியவர். அவருடைய குறிப்பேடுகள் நூற்றுக்கணக்கில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. வெயிலில் நெடுநேரம் அமர இயலாத நம்மைப் போன்றோர்க்கு இது நல்ல வழிகாட்டி.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள கல்லர்கோட்ஸ் என்னும் மீனவச் சிற்றூருக்குச் சென்று, 1882 வரை அங்கேயே தங்கினார். அங்கே அவர் எழுதிய நீர்வண்ண ஓவியங்களில் கூடை சுமக்கும் பெண்கள், வலை தைப்பவர்கள், புயலில் கடலை நோக்கி நிற்பவர்கள் ஆகியோரே முதன்மை பெறுகின்றனர். படகு பின்னணியில் நிற்கிறது. துறைமுகம் என்பது உழைக்கும் மக்களின் இடம் என்பதை அவர் அந்த ஊரில் வாழ்ந்து அறிந்துகொண்டார்.

நம் நாட்டில் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) தம் இளமைக்காலத்தில் தென்னை மரங்களும் நீர்வழிகளும் நிறைந்த நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் எழுதியவர். பின்னாளில் அவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார்; 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கடற்கரையிலேயே தோற்றுவித்தார். நம் ஒளிக்கும் நம் நீருக்கும் இக்கலை அந்நியமன்று என்பதற்கு அவரே சான்று.

இடமும் நேரமும்

நூலகத்தில் கிடைக்கும் ஆங்கில ஓவியப் பயிற்சி நூல்களில் துறைமுகப் பாடம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கடல் வற்றியிருக்கும், படகுகள் சேற்றில் ஒருபுறமாகச் சாய்ந்து கிடக்கும், வானம் சாம்பல் நிறமாக இருக்கும். அந்நாட்டில் கடல் பல மீட்டர் ஏறி வற்றுகிறது. நம் சோழமண்டலக் கரையில் ஏற்றவற்றத்தின் அளவு சிறிது. நீரில் நிற்கும் படகு பெரும்பாலும் நீரிலேயே நிற்கும். நம் வானமும் வேறு, வெயிலும் வேறு. ஆகவே அந்நூல்களிலிருந்து முறையைக் கற்றுக்கொள்ளலாம்; காட்சியை நம் கரையிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாகக் கடலூர்த் துறைமுகத்தைக் கொள்வோம். இங்குப் படகுகள் திறந்த கடலில் நிற்பதில்லை; உப்பனாற்றில் நிற்கின்றன. மேற்குக் கரையில் முதுநகர். எதிரே சிங்காரத்தோப்புப் பகுதி. அதற்கு அப்பால் கடல். ஆற்று நீர் பெரும்பாலும் அலையின்றி இருப்பதால் படகின் நிழல் நீரில் தெளிவாக விழும். முதுநகர்க் கரையில் அமர்ந்து கிழக்கே நோக்கினால், காலையில் கதிரவன் படகுகளுக்குப் பின்னால் இருப்பான். அப்போது படகுகள் எல்லாம் கருமையான ஒரே திரளாகவும், நீர் வெண்மையாகவும் தோன்றும். தொடக்கநிலை மாணவர்க்கு இந்நேரம் மிக ஏற்றது. ஒளி, இருள் என்னும் இரண்டே படிகளில் படத்தை அமைத்துவிடலாம். மாலை நான்கு மணிக்கு மேல் அதே இடத்தில் அமர்ந்தால் ஒளி நம் முதுகுப்புறமிருந்து படகின்மீது நேரே விழும். பச்சையும் நீலமும் சிவப்பும் தனித்தனியே ஒளிரும். அதை எழுதுவதற்குப் பயிற்சி வேண்டும்.

நண்பகலில் மட்டும் தாளை விரிக்கவேண்டாம். கடலூர் ஏறத்தாழ 11.7 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தின் இறுதியை ஒட்டிக் கதிரவன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறான். நிழல் பொருளின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிழல் இல்லாத இடத்தில் வடிவத்தைக் காட்ட வழியில்லை.

ஆண்டில் எந்தக் காலம் சிறந்தது? கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதற்குத் தடை உண்டு. 2001-இல் 45 நாள்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. அந்நாள்களில் விசைப்படகுகள் வரிசையாகக் கரையணைந்து நிற்கும். சில படகுகள் பழுது பார்ப்பதற்காகக் கரையில் ஏற்றப்பட்டு, நீருக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகமும் சுழல்விசிறியும் சுக்கானும் வெளியே தெரிய நிற்கும். படகின் முழு உடம்பையும் காண்பதற்கு இதைவிட வாய்ப்பு இல்லை. நம் கோடை விடுமுறையும் அப்போதே வருகிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நமக்கு அசையாமல் நிற்கும் படகு, அதன்மேல் வேலை செய்வோர்க்கு வருமானம் நின்றுபோன படகு. அரசு நிவாரணத் தொகை வழங்கினாலும் அந்த இரண்டு மாதங்கள் கைப்பிடிப்பான மாதங்களே. கரையில் அமர்ந்து வரையும்போது வழிவிட்டு அமர்வதும், கேட்டுவிட்டு வரைவதும் நம் கடமை.

கருவிகள்

இக்கலைக்குப் பெருஞ்செலவு தேவை என்பது தவறான எண்ணம். மாணவர்க்கான கேமல் வண்ணப் பெட்டி ஒன்றே போதும். அதிலும் அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, யெல்லோ ஆக்கர் என்னும் காவி மஞ்சள், கிரிம்சன் சிவப்பு ஆகிய நான்கையும் கொண்டே முழுப் படத்தையும் முடிக்கலாம். நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்தால் அருமையான சாம்பல் நிறம் கிடைக்கும். நீலம் மிகுந்தால் குளிர்ந்த நிழல், பழுப்பு மிகுந்தால் பழைய மரம். கறுப்பு வண்ணத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். அது படத்தில் ஓட்டை விழுந்தாற்போலத் தோன்றும்.

தூரிகைகள் மூன்று: ஓர் அங்குல அகலத் தட்டைத் தூரிகை, 12-ஆம் எண், 6-ஆம் எண் உருண்டைத் தூரிகைகள். செலவு செய்வதானால் தாளுக்குச் செய்க. மெல்லிய தாள் நனைந்தவுடன் மேடுபள்ளமாகி வண்ணத்தைப் பள்ளத்தில் தேக்கிவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் நீரைத் தாங்கும். நல்ல தாளின்மீது உற்பத்தியின்போதே பசையூட்டி இருப்பார்கள். அதனால்தான் வண்ணம் மைதாளில் போல ஊறிப்போகாமல் மேற்பரப்பில் தங்குகிறது.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறமித் தூளும் வேல மர இனத்தின் பிசினும் கலந்தது. இதற்கும் படகுக்குப் பூசும் எனாமல் வண்ணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால் முறை முழுவதும் விளங்கிவிடும். வெள்ளை எனாமலில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7. அது கலந்திருக்கும் பிசினின் எண் ஏறத்தாழ 1.5. இவ்வேறுபாடு பெரிதாகையால் ஒளி உள்ளே செல்லாமல் சிதறித் திரும்பிவிடுகிறது. அடியில் எந்த நிறம் இருந்தாலும் மறைந்துவிடும். ஆகவே என் தந்தையார் கருநீலப் பலகையின்மீதும் வெள்ளைக்கோடு இழுக்க முடிகிறது. நீர்வண்ணமோ மெல்லிய படலம். ஒளி அதனூடே சென்று, வெள்ளைத் தாளில் பட்டு, மீண்டும் அதனூடே திரும்பி நம் கண்ணை அடைகிறது. இங்கு வெள்ளை என்பது தாளேயன்றி வேறில்லை. மூடிவிட்ட தாளை மீட்பது அரிது. எனவே படகுக்காரர் வெள்ளையைக் கடைசியில் பூசுவார். நீர்வண்ணக்காரர் வெள்ளையை முதலிலேயே ஒதுக்கி வைப்பார். வெளிர் நிறம் முன்னே, அடர்நிறம் பின்னே என்பது இக்கலையின் முதல் விதி.

படகின் வடிவம்

படகில் நேர்க்கோடு அரிது. கவனியாமல் வரைந்தால் அது தொட்டியாகவோ செருப்பாகவோ தோன்றிவிடும். சிறிய நாட்டுப்படகை வரைவதற்கு ஓர் எளிய வழி உண்டு. 8 என்னும் எண்ணைப் படுக்கவைத்தாற்போல மெல்ல எழுதுக. ஒரு வளையம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கட்டும். பெரிய வளையம் படகின் மேல்விளிம்பு. கோடுகள் வெட்டும் இடம் அணியம். அங்கிருந்து நீர்மட்டம் வரை ஒரு கோட்டைச் சாய்வாக இறக்கி, அடியில் ஒரு வளைகோட்டால் பின்புறத்தோடு இணைத்துச் சிறிய வளையத்தை அழித்துவிட்டால் படகு கிடைத்துவிடும். விசைப்படகுக்கு இம்முறை போதாது. முதலில் ஒரு நீண்ட பெட்டியைத் தொலைநோக்கு விதிப்படி வரைந்து, அதனுள் படகின் உடலைச் செதுக்குவதுபோல வரைந்து, மேலே சுக்கான் அறையை மற்றொரு சிறு பெட்டியாக வைக்கவேண்டும்.

தொடுவானம் எப்போதும் நம் கண்மட்டத்தில் இருக்கும். உப்பனாற்றில் எதிர்க்கரை மறைப்பதால் தொடுவானம் தெரியாது. எனினும் அக்கோட்டைப் பென்சிலால் மெல்லியதாகக் குறித்துக்கொள்க. அதற்குக் கீழே உள்ள படகு விளிம்புகளின் உட்புறம் நமக்குத் தெரியும். மேலே உள்ளவற்றின் உட்புறம் தெரியாது. நாம் நிற்கும் தரையிலேயே நிற்கும் மனிதர் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் அவர்தம் தலை ஏறத்தாழ அக்கோட்டில் அமையும்.

இனி, நூல்களில் நான் காணாத ஒரு செய்தி. படகின் பக்கவாட்டில் ஓடும் வண்ணப்பட்டையை அளவுகோல் வைத்தாற்போல நேராக இழுக்கலாகாது என்பார் என் தந்தையார். "கோட்டை நேரா இழுத்தா படகு மூக்குத் தொங்கின மாதிரி தெரியும்டா. அணியத்துக்கு வர வர மேலே ஏத்தணும்" என்பது அவர் வாக்கு. படகின் உடல் முன்னே செல்லச் செல்ல உள்வாங்கி மேலெழுவதால், மட்டமான கோடு அவ்விடத்தில் கண்ணுக்குச் சரிந்து தோன்றுகிறது. அவர் அதை நூல் பிடித்தும், பத்தடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தும் சரிசெய்கிறார். தொலைநோக்கு இலக்கணம் பற்றி அவர் படித்ததில்லை. ஆனால் அதன் பயனை அறிந்தவர். தாளில் படகு வரைவோர் இந்த ஒரு விதியைக் கைக்கொண்டாலே படகுக்கு உயிர் வந்துவிடும்.

காற்றும் ஒரு விதி. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டி ஒன்றில் பாய்மரப் படகுப் படம் இருந்தது. பாய் வலப்புறம் புடைத்திருக்க, உச்சியிலிருந்த கொடி இடப்புறம் பறந்தது. அதைக் கண்ட தந்தையார், "காத்து எந்தப் பக்கமிருந்துடா அடிக்குது?" என்று மட்டும் கேட்டார். கொடி, புகை, காயும் வலை, ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் படகுகளின் முகம் ஆகியவையெல்லாம் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் படம் அழகாயிருந்தும் பொய்யாகிவிடும்.

நீரின் இயல்பு

துறைமுக ஓவியத்தில் மிகவும் கடினமான பகுதி நீர். இயற்பியல் நமக்கு மிகுதியும் உதவும் பகுதியும் அதுவே.

முதலாவது, நீர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று கொண்டு கணக்கிட்டால், நேர்க்குத்தாக விழும் ஒளியில் 2 விழுக்காடே எதிரொளிக்கப்படுகிறது. 60 பாகைப் படுகோணத்தில் 6 விழுக்காடு, 80 பாகையில் 35 விழுக்காடு, 85 பாகையில் 58 விழுக்காடு. நம் கண் நீர்மட்டத்துக்கு மேல் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். காலடியில் உள்ள நீரில் எதிரொளிப்பு மிகக் குறைவு. அங்கு ஆற்றின் பசுமையும் கலங்கலும் தெரியும். பதினான்கு மீட்டர் தொலைவில் கோணம் 80 பாகையாகிவிடுகிறது. அங்கு வானத்தின் ஒளி மிகுந்து தெரியும். எனவே நீரை மேலிருந்து கீழ்வரை ஒரே நீலத்தால் நிரப்புவது இயற்கைக்கு மாறானது. தொலைவில் வானத்தின் நிறம், அருகில் நீரின் சொந்த நிறம், இடையில் படிப்படியான மாற்றம் என்று அமைக்கவேண்டும்.

இரண்டாவது, நீரில் தெரியும் படகு, மேலே உள்ள படகைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டியது அன்று. நம் கண் நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதே அளவு நீருக்குக் கீழே இருந்து பார்த்தால் படகு எப்படித் தோன்றுமோ அந்தத் தோற்றமே எதிரொளியில் கிடைக்கிறது. ஆதலால் மேல்தளம் நமக்குத் தெரிந்தாலும் நீர்நிழலில் தெரியாது. அணியத்தின் அடிச்சரிவு நேரே தெரியாவிட்டாலும் நீர்நிழலில் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு அதன் நீளமே நிழலின் நீளம். நம்மை நோக்கிச் சாய்ந்த கம்பத்தின் நீர்நிழல் கம்பத்தைவிட நீளமாகவும், அப்பால் சாய்ந்ததன் நிழல் குட்டையாகவும் தோன்றும். சிற்றலை எழுந்தால் நிழல் நம்மை நோக்கி நீண்டு, குறுக்கே துண்டு துண்டாக முறியும்.

நான்காவது, வெண்மையான பொருளின் நீர்நிழல் சற்று மங்கும். ஏனெனில் நீர் முழு ஒளியையும் திருப்புவதில்லை. கருமையான பொருளின் நீர்நிழல் சற்று வெளிறும். ஏனெனில் நீருக்குள்ளிருந்து சிதறிவரும் ஒளி அதனோடு கலக்கிறது. இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே படகு எது, நிழல் எது என்பது ஐயமின்றிப் பிரிந்துவிடும்.

வண்ணம் பூசும் முறை

முதற்கண், உள்ளங்கை அளவுத் தாளில் ஐந்து நிமிடங்களில் ஒரு மாதிரி வரைக. ஒளி, இடைநிழல், இருள் என மூன்று படிகள் மட்டும் போதும். எல்லாப் படகையும் வரைய முயலாமல் ஒன்றைத் தலைமைப் படகாகக் கொண்டு, மற்றவற்றை அதற்குத் துணையாக வைக்கவேண்டும். அத்தலைமைப் படகு தாளின் நட்டநடுவில் வரலாகாது.

பிறகு பெரிய தாளில் 2பி பென்சிலால் மெல்லிய கோடுகளில் வரைந்து, பலகையைச் சற்றே சாய்த்து வைத்து, வானத்தையும் நீரையும் ஒரே மூச்சில் பூசவேண்டும். தட்டைத் தூரிகையில் வண்ணநீரை நிறைய எடுத்து இடமிருந்து வலமாக இழுத்தால், கோட்டின் கீழ்விளிம்பில் நீர் ஒரு மணிச்சரம்போலத் தேங்கி நிற்கும். அடுத்த கோடு அந்தத் தேக்கத்தைத் தொட்டுக்கொண்டு செல்லவேண்டும். வெயிலில் மின்னும் இடங்கள், வெள்ளைச் சுக்கான் அறையின் மேற்பகுதி ஆகியவற்றைத் தொடாமல் விடுக. உலர்ந்தபின் வண்ணம் வெளிறும் என்பதை எண்ணி ஒருபடி அடர்த்தியாகவே பூசவேண்டும். தாளின் இழைகளுக்கிடையே நீர் நிறைந்திருக்கும்போது ஒளிச்சிதறல் குறைந்து இருண்டு தோன்றுகிறது. நீர் நீங்கி அவ்விடத்தில் காற்று புகுந்ததும் சிதறல் மிகுந்து வெளிறுகிறது. நனைந்த சட்டை கறுத்துத் தோன்றுவதும் இதனாலேயே.

தாள் இன்னும் ஈரமாக இருக்கையிலேயே எதிர்க்கரையின் தென்னைகளையும் மரத்தோப்பையும் வெளிர்நீலப் பச்சையில் தொட்டு வைத்தால், விளிம்புகள் தாமாகக் கசிந்து காலைநேர ஈரக்காற்றின் மங்கலைக் காட்டிவிடும். இதன்பின் தாள் முற்றும் உலரும்வரை பொறுத்திருக்கவேண்டும். பாதி உலர்ந்த தாளில் நீர்த்துளி பட்டால் ஒழுங்கற்ற கறை படரும். உலரும் துளியின் விளிம்பில் வண்ணம் கோடாகத் தங்குவது ஏன்? தேநீர்த் துளி காய்ந்த இடத்தில் வளையம் தோன்றுவதும் இதுவே. துளியின் விளிம்பு நகராமல் பிடித்துக்கொள்ள, அங்கு ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் வெளிநோக்கி ஓடுகிறது. ஓடும்போது துகள்களையும் சுமந்து செல்கிறது. இதனைச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் 'நேச்சர்' ஆய்விதழில் விளக்கினார்கள். ஓவியர்கள் இருநூறு ஆண்டுகளாகக் கையாண்டுவந்த ஒன்று இத்துணை அண்மையில்தான் இயற்பியலில் தெளிவாயிற்று என்பது வியப்பன்றோ!

அடுத்துப் படகுகள். வெளிர் நிறங்களை முதலில் பூசி, உலர்ந்தபின் நிழற்பக்கம் முழுவதையும் நீலப்பழுப்புச் சாம்பலால் ஒரே வீச்சில் மூடவேண்டும். அருகருகே நிற்கும் படகுகளின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது நன்று. கண் அவற்றைத் தானே பிரித்துக்கொள்ளும். நீர்நிழலைப் படகின் வண்ணம் ஈரமாக உள்ளபோதே கீழே இழுத்துவிட்டால் இரண்டும் ஒன்றிப் படகு நீரில் அமர்ந்துவிடும். பிறகு தூரிகையின் ஈரத்தைத் துணியில் ஒற்றி, சொரசொரப்பான தாளின்மீது படுக்கையாக வேகமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் வண்ணம் பட்டுப் பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். நீரின் பளபளப்பு கிடைத்துவிடும். கயிறு, கொடிக்கம்பம், வலைக்குவியல் ஆகியவை கடைசியில். கயிறு தன் எடையால் தொய்ந்து நிற்கும், விறைப்பாக வரையலாகாது.

முடிந்த ஓவியத்தைச் சுவரில் வெயில் படுமாறு மாட்டவேண்டாம். ரஸ்ஸல், ஆப்னி என்னும் அறிவியலார் இருவர் நீர்வண்ணங்களை ஒளியில் வைத்து ஆராய்ந்து 1888-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒளியோடு ஈரக்காற்றும் சேரும்போது பல வண்ணங்கள் மங்குவதையும், காற்று நீக்கிய குழாயில் பெரும்பாலும் மங்காதிருப்பதையும் காட்டினர். கடற்கரை ஊர்களில் இரண்டும் மிகுதி. கிரிம்சன் போன்ற சிவப்புகளுக்கு இங்குக் கூடுதல் காவல் வேண்டும்.

படத்தில் மனிதர்

துறைமுகப் படங்கள் பலவற்றில் மனிதர் இரண்டு கறுப்புப் புள்ளிகளாக நிற்கின்றனர். சிலவற்றில் அதுவும் இல்லை. ஆளில்லாத படகு தானே கரைக்கு வந்து நின்றதுபோல இருக்கும். பலகைகளின் இடுக்கில் பஞ்சு அடைப்பவர், வலையின் கிழிசலைக் கால்விரலில் மாட்டி முடிபவர், சாரத்தில் குந்தி வண்ணம் பூசுபவர் ஆகியோர் இல்லையேல் துறைமுகம் இல்லை. முகத்தை வரைய வேண்டுவதில்லை. உடல் வளைந்திருக்கும் விதம் ஒன்றே அவர் செய்யும் வேலையைச் சொல்லிவிடும். சுமை தூக்குபவரின் இடுப்பு ஒருபுறம் ஒடியும். கயிறு இழுப்பவரின் எடை பின்காலில் இருக்கும். தலையைச் சிறியதாக வைத்து, தோளிலிருந்து காலுக்கு இரண்டு மூன்று தூரிகைத் தொடுதலில் முடித்துவிடலாம்.

இதில் வரலாற்றுப் பயனும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின; கட்டுமரங்கள் அருகின. மரப்படகுகளின் இடத்தில் இரும்புப் படகுகளும் வந்துகொண்டிருக்கின்றன. இம்மாற்றம் உழைப்போர்க்கு வசதி தருவதாயின் அதை நாம் குறைகூற இயலாது. ஆனால் மரப்படகின் வளைவும், அதைக் கட்டியவர் கையின் கணக்கும் எழுதப்படாமலே போய்விடலாகாது. கைப்பேசி ஒரு நொடியில் படம் எடுத்துவிடும். ஆயினும் ஒரு மணிநேரம் அமர்ந்து வரைபவன் எத்தனை பலகை, எங்கே ஆணி, எந்த இடத்தில் வளைவு தொடங்குகிறது என்று எண்ணியே ஆகவேண்டும். வரைதல் என்பது உற்றுநோக்கல். உற்றுநோக்கலே அறிவியலின் முதற்படி என்று நம் பேராசிரியர்கள் நமக்கு நாள்தோறும் சொல்லுகிறார்கள்.

முடிவுரை

ஓவியம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றும், முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பாடநூலைத் தாண்டிக் கண்ணை எடுக்கலாகாது என்றும் ஒரு கருத்து நம்மிடையே உலவுகிறது. நான்கு வண்ணக்கட்டிகளும் மூன்று தூரிகைகளும் ஒரு தாளும் யாருக்கும் எட்டாதவை அல்ல. நம்மில் பலர் வயலிலிருந்தும் தறியிலிருந்தும் பட்டறையிலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் வந்தவர்கள். நம் வீடுகளில் உள்ள தொழிலறிவைக் கல்லூரி வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்னும் சட்டம் ஏதுமில்லை. வண்ணப்பட்டை ஏன் அணியத்தில் ஏறவேண்டும் என்பதற்கு வடிவியலில் விடை இருக்கிறது. அந்த வினாவோ படகுத்துறையில் இருக்கிறது. வினாவும் விடையும் வேறு வேறு இடங்களில் இருக்கும்போது, இரண்டுக்கும் நடந்து செல்லக்கூடியவர்கள் நாமே.

வரும் கோடை விடுமுறையில், மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் விடியலில், இயற்பியல் துறை மாணவர்கள் பத்துப்பேர் தாளோடும் தூரிகையோடும் முதுநகர்க் கரைக்குச் செல்லலாம் என்பது என் வேண்டுகோள். பேராசிரியப் பெருமக்களும் உடன் வந்தால் மகிழ்வோம். எழுதிய படங்களை முதலில் அங்குள்ள தொழிலாளர்களிடம் காட்டுவோம். "இது தண்ணியில நிக்கும்" என்று அவர்கள் சொன்னால், அதைவிடப் பெரிய மதிப்பெண் நமக்கு வேண்டுவதில்லை.